நான் இரும்பில் அடித்த தடி

இறக்கக்கண்டியில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் நௌஷாட் சென்ற வாரம் என் கைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். பழைய உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டுகிற புல்வெட்டி அது. ஆள் நீளத்துக்கு ஓர் இரும்புச் சட்டம், அதில் வரிசையாகப் பற்கள், பற்களுக்குள்ளே இடமும் வலமும் ஓடிப் புல்லை அறுக்கிற அலகு. பெல்ட்டில் சுழலும் சக்கரச் சில்லையும் அந்த அலகையும் இணைப்பது மூன்றடி நீளமான ஒரு மரத் தடி. படத்துக்குக் கீழே அவருடைய குரல்: "ஐயா, இந்தத் தடி உளுத்து உக்கிப் போச்சு. ஆரோ மரத்தில செஞ்சு ஒப்பேத்தி வெச்சிருக்கிறாங்க. இரும்பில அடிச்சுப் போடவா?"

நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியைக் கேட்டு, நானே பதிலும் சொல்லி, நானே செய்தும் முடித்தவன். அதனால் மூன்று நாளாக அவருக்குப் பதில் அனுப்ப என்னால் முடியவில்லை. இந்தக் கிழவன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று நினைத்தாரோ என்னவோ, நாலாம் நாள் என் மகளை அழைத்து விசாரித்திருக்கிறார். "இருக்கிறார், ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார்" என்று அவள் சொன்னாளாம். அந்த எழுத்து இதுதான். நௌஷாட்டுக்கு எழுதத் தொடங்கினேன். எழுத எழுத இது இன்னொருவருக்குப் போக வேண்டிய கடிதம் என்று தெரிகிறது.

வேலை பழகிய கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு எனக்கு ஓடவில்லை. மாமா துறைமுகத்தில் இழுவைப் படகுகளின் எஞ்சின் பார்த்தவர். அவருக்குப் பின்னால் ஐந்து வருடம் எண்ணெய்த் துணியோடு திரிந்தேன். பிறகு திருகோணமலையில் ஓர் அரச பட்டறையில் மெக்கானிக்காக எடுத்தார்கள். முப்பத்தொரு வருடம் அங்கே இருந்தேன். அதில் பெரும்பகுதி யுத்தம்.

யுத்த காலத்து மெக்கானிக்குக்கு ஒரு தனிக் கண் உண்டு. ரேடியோவுக்குப் போடுகிற பற்றறிக்குக்கூடத் தடை. இரும்புக் கம்பி ஒரு முழம் கொண்டுபோவதென்றாலும் படையினரின் பாஸ் வேண்டும். செருப்பு வாரில் வாஷர் வெட்டினோம். சைக்கிள் டைனமோவில் ரேடியோ பாடியது. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடியது. ஆகவே ஒரு இயந்திரத்தில் பொருந்தாத பொருள் எதையாவது கண்டால், பாவம், யாரோ கிடைத்ததை வைத்து ஒப்பேற்றியிருக்கிறான் என்றுதான் எங்கள் கண் பார்க்கும். அந்தக் கண்தான் என்னைக் கெடுத்தது.

பட்டறையில் எங்களுக்கு மேலே இருந்த போர்மன் பிரகாசம் ஐயா. வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பென்சில். எதையும் கையால் தொடமாட்டார், பென்சிலால்தான் காட்டுவார். கழற்றுகிற ஒவ்வொரு போல்டையும் கழற்றிய ஒழுங்கிலேயே சாக்கில் பரப்பி வைக்க வேண்டும். அந்தச் சாக்கை யாரும் தாண்டி நடக்கக் கூடாது. நாங்கள் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "பாப்பம்." லீவு கேட்டாலும் பாப்பம், புது போல்ட் கேட்டாலும் பாப்பம். கூரை ஒழுகுது ஐயா என்றால் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பாப்பம். இதில் சம்மதம் எது, மறுப்பு எது என்று பிரித்தறிய நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தோம். பென்சிலைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னால் ஓம், கையில் வைத்துக்கொண்டு சொன்னால் ஏலாது. பத்து வருடம் இந்தக் கணிப்பை நம்பித்தான் வேலை செய்தேன்.

கன்னியாப் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணை இருந்தது. அதன் பால் ஆஸ்பத்திரிக்கும் இடம்பெயர்ந்து வந்திருந்த பிள்ளைகளுக்கும் போகும். மாடுகள் கொட்டிலில் கட்டியபடி நின்று தின்கிற சாதி. பக்கத்துக் காணியில் ஆளுயரத்துக்குப் புல் நின்றது. ஆனால் வெட்ட ஆளில்லை. தினமும் வந்து வெட்டிய பெண்களை அரிவாளோடு சோதனைச் சாவடி தாண்ட விடவில்லை. பண்ணைப் பொறுப்பாளர் ஓர் அம்மா. அவர் எங்கெங்கோ எழுதிப் போட்டு, தெற்கிலிருந்து ஒரு பழைய புல்வெட்டி லொறியில் எங்கள் பட்டறைக்கு வந்து இறங்கியது. அலகில் இருபது கத்திகள் கொண்ட இயந்திரம் அதே சாவடியைத் தாண்டி வந்தது, ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஓர் அரிவாளுக்கு ஏன் அத்தனை பயம் என்பது எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை.

வந்த பொருளோடு சிங்களத்தில் ஒரு பட்டியல் இருந்தது. எங்களில் யாருக்கும் சரியாக வாசிக்கத் தெரியாது. எங்கள் அலுவலக லிகிதர் எழுத்துக்கூட்டி வாசித்தார்: இயந்திரம் ஒன்று, பெல்ட் ஒன்று, சீவிய மரம் நான்கு. பெட்டிக்குள் உண்மையிலேயே இழைத்த மரத்துண்டுகள் நான்கு கிடந்தன. துளையில்லை, முனையில் இரும்புப் பூணில்லை. வழியில் இயந்திரம் ஆடாமல் இருக்க வைத்த முட்டு என்று நினைத்தோம். முட்டுக்கட்டையைக்கூடப் பட்டியலில் எழுதியிருக்கிறார்களே என்று லிகிதர் சிரித்தார். மூன்று துண்டுகள் எங்கள் தேத்தண்ணி அடுப்புக்குப் போயின. ஒன்றை நான் ஜன்னல் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டாக வைத்தேன்.

பண்ணையின் உழவு இயந்திரம் என்னைவிட மூத்தது. சாம்பல் நிறம், அதுவும் பாதிதான் மிச்சம். புல்வெட்டி வேறொரு வகை இயந்திரத்துக்காகச் செய்தது. இந்த இரண்டையும் பொருத்துவதுதான் எங்கள் வேலை. இயந்திரத்தின் பின்கைகளில் இருந்த துளை பெரிது, புல்வெட்டியின் முளை சிறிது. தண்ணீர்க் குழாயை வெட்டி உள்ளே திணித்துச் சரிக்கட்டினேன். பின்னால் சுழல்கிற தண்டுக்கும் பெல்ட் ஓடுகிற கப்பிக்கும் நடுவே இடைவெளி இருந்தது, அதற்கு ஒரு உறை கடைந்தேன். வந்த பெல்ட் வெடித்திருந்தது. அரிசி ஆலை ஒன்றில் கழித்துப்போட்ட பெல்ட்டை வாங்கி மாட்டினேன். தேய்ந்து வழுவழுவென்று இருந்தது, ஆனாலும் இழுத்தது.

சட்டத்தை நேராகப் பூட்டினால் ஓடும்போது அதன் வெளிமுனை பின்னுக்கு இழுபட்டு அலகு சிக்கியது. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம். மூன்றாம் நாள் பிரகாசம் ஐயா பென்சிலால் வெளிமுனையைத் தொட்டு, முன்பக்கமாக இரண்டு விரல் அளவு காட்டினார். அப்படியே முன்தள்ளிப் பூட்டினேன். புல்லின் தள்ளலில் அது பின்னுக்கு வந்து, ஓடும்போது நேராக நின்றது. பிறகு, சில்லையும் அலகையும் இணைக்கிற மரத் தடியின் நீளம். அலகு ஓடி முடிகிற ஒவ்வொரு முனையிலும் அதன் கத்தி ஒவ்வொன்றின் நடுவும் ஒரு பல்லின் நடுவில் நிற்க வேண்டும். ஒரு நூல் தவறினாலும் புல்லை அறுக்காது, மெல்லும். நட்டை முடுக்கி, சில்லைக் கையால் சுழற்றிப் பார்த்து, மறுபடி முடுக்கி, அரை நாள் போனது. அது சரியாக வந்து நின்றபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை இப்போதும் மறக்க முடியவில்லை.

இன்னும் ஒன்று செய்தேன், அதையும் சொல்ல வேண்டும். எஞ்சின் ஓடும்போதே பின்னால் உள்ள சுழல்தண்டை ஓட்டவும் நிற்பாட்டவும் உழவு இயந்திரத்தில் ஒரு பிடி உண்டு. அது தேய்ந்து தானாக நழுவியது. நான் அதைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டேன், எஞ்சின் ஓடும்வரை தண்டும் சுழலும்.

ஓட்டுநர் தங்கராசா. ஈச்சிலம்பற்று ஆள். ஷெல்லடியில் வீட்டை விட்டு, மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் வந்து ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தான். எனக்கு ஐந்தாறு வயது இளையவன், அண்ணை என்பான். சுவருக்கும் சில்லுக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டி நிற்கிற அளவுக்கு விட்டு உழவு இயந்திரத்தைத் திருப்புவான். பண்ணையில் அவனுக்குத் தற்காலிக வேலை, மாதத்துக்கு மாதம் நீடிப்பார்கள். புல்வெட்டி ஓடி மாடுகளுக்குப் புல் கிடைத்தால் நிரந்தரமாக எடுக்கிறேன் என்று பொறுப்பாளர் அம்மா வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் பட்டறையில் நாங்கள் ஒவ்வொரு போல்டாக முடுக்கும்போதும் அவன் பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பான்.

முதல் நாள் ஒரு மணித்தியாலம் அழகாக வெட்டியது. பிறகு புல்லுக்குள் ஒரு கட்டை அகப்பட்டு, படார் என்று மரத் தடி இரண்டாக உடைந்தது. எஞ்சின் ஓடுகிறது, சில்லு சுழல்கிறது, அலகு மட்டும் அசையாமல் கிடக்கிறது. எஞ்சினை நிற்பாட்ட ஏலாது. பற்றறி செத்தது. நிற்பாட்டினால் மறுபடி மேட்டில் ஏற்றி உருட்டித்தான் எழுப்ப வேண்டும். தங்கராசா என்னைப் பார்த்தான். நான் சொன்னேன்: "தடி உடைஞ்சால் அலகு செத்துப் போச்சு. பயப்பிடாமல் கையை வை." அவன் கியரை நியூட்ரலில் விட்டு, எஞ்சினை மெல்லச் சுழல விட்டு இறங்கி, கட்டையைக் கையால் இழுத்து எறிந்தான். ஒன்றும் நடக்கவில்லை.

வைரம் பாய்ந்த முதிரை மரப் பலகையில் இன்னொரு தடி செய்து பூணை மாற்றிப் போட்டேன். மறுநாள் அதுவும் உடைந்தது. மறுபடி இறங்கி மறுபடி கையால் எடுத்தான். இன்னொன்று செய்தேன், அதுவும் போனது. ஒவ்வொரு தடவையும் அரை நாள் வேலை கெட்டது. மாடுகள் கத்துகிற சத்தம் காணிவரைக்கும் கேட்டது. பொறுப்பாளர் அம்மா ஒருநாள் வந்து, வெட்டிக் கிடந்த கொஞ்சப் புல்லைப் பார்த்துவிட்டுப் போனார். தங்கராசாவின் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை.

அன்று பின்னேரம் உடைந்த தடியைக் கொண்டுபோய் பிரகாசம் ஐயாவின் மேசையில் வைத்தேன். முழு இயந்திரமும் இரும்பு, இது மட்டும் மரம், யாரோ வழியில்லாமல் ஒப்பேற்றிய வேலை, இரும்பில் அடிக்கிறேன் என்றேன். அவர் தடியைத் தூக்கினார். கையால் தூக்கினார் என்பதே எனக்குப் புதினம். ஒரு கண்ணை மூடி அதன் நீளத்துக்குப் பார்த்தார். உடைந்த இடத்தைப் பெருவிரலால் தடவினார். பிறகு, "பாப்பம்" என்றார். நான் பென்சிலைத் தேடினேன். அது பையிலும் இல்லை, கையிலும் இல்லை. காதில் செருகியிருந்தார். அப்படிச் செருகியதை நான் அதற்கு முன் கண்டதேயில்லை.

ஓம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு வேண்டியது அதுதான்.

மாமாவின் பழைய சிநேகிதர் ஒருவரிடம் ஓடாமல் கிடந்த படகொன்றின் சுக்கான் தண்டு இருந்தது. நல்ல இரும்பு. பாஸ் எடுத்து, சாவடியில் மூன்று தரம் விளக்கம் சொல்லிக் கொண்டுவந்து, காய்ச்சி, அடித்து, துளையிட்டு, பித்தளை உறை போட்டு மாட்டினேன். என் சேவைக் காலத்தில் அதைவிடச் சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. ஓடவிட்டபோது தையல் மெசின் சத்தம் வந்தது. "இனி இறங்கத் தேவையில்லை அண்ணை" என்று தங்கராசா சிரித்தான். மூன்று நாள் உண்மையிலேயே அவன் இறங்கவில்லை. மாடுகளின் சத்தம் அடங்கியது. பொறுப்பாளர் அம்மா அவனை நிரந்தரமாக்க எழுதிவிட்டேன் என்று சொல்லி அனுப்பினார்.

காணியின் வடக்கு மூலையில் மிதிவெடி இருக்கலாம், வெட்ட வேண்டாம் என்று முதலில் படையினர் சொல்லியிருந்தார்கள். பிறகு ஒரு கடிதம் வந்தது, அந்த மூலையைத்தான் முதலில் வெட்ட வேண்டும் என்று. பிறகு இன்னொருவர் வந்து, பார்த்தாயிற்று, பயமில்லை என்றார். யார் சொல்வதைக் கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. நாலாம் நாள் தங்கராசா அங்கே போனான். நான் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பயந்த மாதிரி ஒன்றும் வெடிக்கவில்லை. பழைய வேலியொன்றின் முட்கம்பி புல்லுக்குள் கிடந்து அலகில் சுற்றிக்கொண்டது. அலகு நின்றது.

தடி உடையவில்லை. தேய்ந்த பெல்ட் கப்பியில் சத்தமில்லாமல் வழுக்கியது. அவன் வழக்கம்போலக் கியரை நியூட்ரலில் விட்டான், எஞ்சினை மெல்லச் சுழல விட்டான், இறங்கினான். அசையாமல் கிடந்த அலகைப் பார்த்தான். செத்துப் போச்சு என்றுதான் நினைத்திருப்பான், அப்படித்தானே நான் அவனுக்குச் சொல்லி வைத்திருந்தேன். கம்பியைப் பிடித்து இழுத்தான். கம்பி விட்டதும் பெல்ட் பிடித்து இழுத்தது, அலகு ஓடியது.

வலது கையில் மூன்று விரல். நான் ஓடிப்போய் என் இடுப்புச் சாரத்தைக் கிழித்துக் கட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் சாவடியில் எங்களை இறக்கிச் சோதித்தார்கள். அவன் அழவில்லை. திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்டான்: "அலகு நிண்டது தானே அண்ணை? நீங்களும் கண்டனீங்கள் தானே?" ஓம், நின்றது, நானும் கண்டேன் என்று சொன்னேன். ஏன் ஓடியது என்று அப்போது எனக்கும் விளங்கவில்லை. பெல்ட்டா, பிடியைக் கட்டிய கம்பியா, பற்றறியா என்று மாறி மாறி யோசித்தேன். தடியை நான் யோசிக்கவேயில்லை. அதுதான் என் நல்ல வேலை அல்லவா.

விசாரணைக்கு வெளியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அனுமதியில்லாமல் இயந்திரத்தில் மாற்றம் செய்ததைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த இரும்புத் தடியைப் போடச் சொன்னது யார் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கும் முன் பிரகாசம் ஐயா எழும்பினார். பென்சிலைப் பையில் வைத்தார். "நான்தான் சொன்னனான்" என்றார்.

அவர் சொல்லவில்லை. பாப்பம் என்றார், அவ்வளவுதான். நான் என் கதிரையில் இருந்தேன், எழும்பவில்லை. என் வேலை, என் பிள்ளைகள் என்று மனம் ஏதேதோ கணக்குப் போட்டது. அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். எஞ்சினை நிற்பாட்டாமல் இறங்கியது ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதி, தங்கராசாவின் வேலையை நீடிக்காமல் விட்டார்கள். ஐயா போகிற நாளில் பஸ் நிலையத்தில் அவரைக் கண்டு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். என்னை ஒரு தரம் பார்த்தார். "பாப்பம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினார். அதற்கு என்ன பொருள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மரம்தான் சரி என்று அவருக்குத் தெரிந்திருந்ததா, அதனால்தான் பழியை ஏற்றாரா, அல்லது அவரும் என்னைப்போல ஒன்றும் தெரியாதவர்தானா? அவர் காலமாகியும் பல வருடம்.

பாதைகள் திறந்த சமாதான காலத்தில் என்னைக் கந்தளாய்க்கு அப்பால் ஒரு பண்ணைக்கு வேலையாக அனுப்பினார்கள். அங்கே அதே புல்வெட்டி ஓடிக்கொண்டிருந்தது, அதே மரத் தடியோடு. சுவரில் இன்னும் ஏழெட்டுத் தடிகள் இழைத்தபடி தொங்கின, துளையில்லை, பூணில்லை. அந்தத் துண்டுகளைக் கண்டதும் எங்கள் தேத்தண்ணி அடுப்பு என் கண்ணுக்கு முன்னால் வந்தது. அங்கிருந்த மெக்கானிக் ஒரு வயதான சிங்களவர். ஏன் இரும்பில் போடவில்லை என்று கேட்டேன், பதில் தெரிந்துகொண்டே கேட்டேன். தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "இது உடைய வேணும். உடைஞ்சா கத்தி நிக்கும். ஆள் தப்பும்."

பட்டறைக்குத் திரும்பியதும் ஜன்னலைப் பார்த்தேன். நான் முட்டுக்கொடுத்த நாலாவது துண்டு அப்படியே இருந்தது. எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸும் படகுமாக ஈச்சிலம்பற்றுக்குப் போனேன். தங்கராசா குடும்பத்தோடு திரும்பிப்போய் ஒரு கடை போட்டிருந்தான். என்னைக் கண்டதும் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இவர்தான் என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினவர்" என்று காட்டினான். மீன் குழம்போடு சோறு போட்டார்கள். இடது கையால் எனக்குத் தண்ணீர் வார்த்தான். உண்மையைச் சொல்லத் தொடங்கினேன். அந்தப் புல்வெட்டி இருக்கே தங்கராசா, என்றேன். அவன் முந்திக்கொண்டான்.

"விடுங்கோ அண்ணை. அது என்ரை பிழை. எஞ்சினை நிப்பாட்டாமல் இறங்கினனான். உங்கட வேலைக்கும் ஐயாவின்ர வேலைக்கும் என்னால கெட்ட பேர். எத்தினை நாள் அதை நினைச்சு நித்திரை கொள்ளாமல் இருந்தனான்."

அவன் மனைவி பக்கத்தில் நின்றார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையை ஆட்டினேன். அது அவன் பிழைதான் என்று ஒத்துக்கொள்வதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, அவர்கள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு, கடைசிப் படகைப் பிடித்து வந்துவிட்டேன். அடுத்த முறை சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு மறுபடியும் சண்டை வந்தது, அந்தப் பக்கத்துச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அவர்கள் எங்கே போனார்கள் என்று நான் விசாரித்தபோது ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். எதிலும் அவன் இல்லை.

நௌஷாட், இரும்பில் அடிக்க வேண்டாம். முதிரையும் வேண்டாம், அது சில நேரம் உடையாமல் தாங்கிப் பிடிக்கும். நேரான நாருள்ள, இலேசில் உடையக்கூடிய மரமாகப் பாரும். அளவுக்கு என்னிடம் ஒரு துண்டு இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போம். சுழல்தண்டின் பிடியை ஒருநாளும் கம்பியால் கட்டவேண்டாம். எஞ்சினை நிற்பாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று ஓட்டுகிறவருக்குச் சொல்லும்.

இனி மற்றக் கடிதம். ஈச்சிலம்பற்றிலிருந்து போன, வலது கையில் மூன்று விரல் இல்லாத தங்கராசா என்பவரை அறிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், அவரிடம் இவ்வளவையும் வாசித்துக் காட்டுங்கள்.

தங்கராசா, நீ இறங்கினது பிழையில்லை. கையை வை எண்டு சொன்னவன் நான். அங்கே மரத் தடி இருந்திருந்தால் அது உடைஞ்சிருக்கும், அலகு செத்திருக்கும், நீ கம்பியை இழுத்தெறிஞ்சுபோட்டு மறுபடி ஏறி ஓட்டியிருப்பாய். அந்தத் தடியை இரும்பில அடிக்கச் சொல்லி பிரகாசம் ஐயா சொல்லேல்லை. நான்தான் அடிச்சனான்.